முத்திரை ஆய்வாளரைத் தடுத்த வாசல் பட்டியல்

ஒரு திங்கட்கிழமை காலை. மூன்றாவது ஷிப்டு முடிந்து வெளியே வந்த ஒரு நூற்பாலைத் தொழிலாளி யூனியன் ஆபீசுக்குப் போன் செய்தார். "ஏனுங்க தோழர், நம்ம சங்கத்து வெப்சைட்டைத் திறந்தா சிவப்பா எச்சரிக்கை வருதுங்க. திருடங்க உங்க விவரத்தைத் திருடப் பாக்கறாங்கன்னு போட்டிருக்குதுங்க. என்னங்க நடந்து போச்சு?" என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு போன். மத்தியானத்திற்குள் பதினைந்து பேர் கேட்டுவிட்டார்கள்.

மாலைக்குள் ஆலையின் உள்ளே வேறொரு பிரசாரமும் கிளம்பிவிட்டது. "செங்கொடிச் சங்கத்தின் வெப்சைட் மோசடி வெப்சைட் என்று உன் போனே சொல்கிறதே! சந்தாப் பணம் எங்கே போகிறது என்று கேட்டாயா?" என்று சூப்பர்வைசர்கள் ஒவ்வொரு மெஷினாகப் போய்ப் பேசினார்கள். எந்த வாய்ப்பையும் நழுவவிடாத வர்க்கமல்லவா அது!

அந்தத் தளத்தில் அப்படி என்ன இருந்தது? குறைந்தபட்சக் கூலி அறிவிப்பு, பஞ்சப்படிக் கணக்கு, பி.எப். பாக்கியைப் பற்றிப் புகார் எழுதும் படிவம் ஆகியவை இருந்தன. எல்லாவற்றையும்விட முக்கியமானது இன்னொரு படிவம். ஆலை விடுதிகளில் அடைபட்டுக் கிடக்கும் இளம் பெண்கள், பெயர் வெளியே தெரியாமல் தங்கள் கஷ்டத்தை எழுதி அனுப்புவதற்காக ஏற்பட்ட படிவம் அது. விடுதியின் வைபை நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. பூட்டில்லாத வழியில் அந்தப் பெண்கள் ஒரு வரி எழுதினாலும் அதை நிர்வாகம் படிக்க முடியும். ஆகவேதான் பூட்டுள்ள வழி அவசியமாயிற்று. அந்தப் பூட்டின்மேல்தான் இப்போது "நம்பாதே" என்று எழுதி ஒட்டப்பட்டிருந்தது.

ஐந்து நாட்கள் ஒரு புகார்கூட வரவில்லை. இரண்டு பெண்கள் மட்டும் எச்சரிக்கையைத் தாண்டி வந்து எழுதியிருந்தார்கள். அவர்களுக்குத் தீங்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் நேர்ந்திருந்தால்?

இந்தச் சம்பவத்தின் காரணத்தைத் தேடிப் போனபோது நான் தெரிந்துகொண்ட விஷயங்களைத் தோழர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். இது கம்ப்யூட்டர்காரர்கள் சமாசாரம், நமக்கென்ன என்று ஒதுக்கிவிடக்கூடாது. சம்பளம் பாங்கில் விழுகிறது. பி.எப். கணக்கு போனில் இருக்கிறது. இந்தப் பூட்டு நம் ஒவ்வொருவர் கைக்குள்ளும் வந்துவிட்டது.

முத்திரை மரக்கால்

கீழத்தஞ்சையில் செங்கொடி ஏறிய ஆரம்ப காலத்துக் கோரிக்கைகளை வயதான தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முத்திரை போட்ட மரக்காலால் கூலி அளக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. வாங்குவதற்கு ஒரு மரக்கால், கொடுப்பதற்கு ஒரு மரக்கால் என்று மிராசுதார் வைத்திருந்த காலம் அது. மரக்காலைப் பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். எது நியாயமானது, எது போலி என்று பண்ணையாளுக்கு எப்படித் தெரியும்? மூன்றாவது ஆள் ஒருவர் அளந்து பார்த்து முத்திரை குத்தினால்தான் தெரியும். இன்றும் நம் ராஜ்யத்தில் தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரை போடுவதற்கு முத்திரை ஆய்வாளர் என்றே ஓர் அதிகாரி இருக்கிறார். அவர் குத்தும் முத்திரைக்குக் காலக்கெடு உண்டு. கெடு முடிந்தால் மறுபடியும் அளந்து காட்ட வேண்டும்.

வெப்சைட்டின் பூட்டும் இதே மாதிரிதான். நாம் ஒரு தளத்தின் பெயரைப் போனில் தட்டினால், நமக்கும் அந்தத் தளம் இருக்கும் சர்வருக்கும் இடையே எத்தனையோ கைகள் மாறித்தான் செய்தி போகிறது. நடுவே எவனாவது உட்கார்ந்துகொண்டு "நான்தான் உன் பாங்கு" என்று சொன்னால்? அதைத் தடுப்பதற்காக 1995-ல் நெட்ஸ்கேப் என்ற அமெரிக்கக் கம்பெனி ஒரு முறையை வெளியிட்டது. அதற்கு எஸ்.எஸ்.எல். என்று பெயர். 1999-லிருந்து அதன் வாரிசு டி.எல்.எஸ். என்ற பெயரில் வழங்குகிறது. பழைய பெயர்தான் இன்னும் ஜனங்கள் வாயில் நிற்கிறது. இந்த முறையில் இரண்டு காரியம் நடக்கிறது. போகிற செய்தி நடுவிலிருப்பவனுக்குப் புரியாதபடி மறைக்கப்படுகிறது. அத்துடன், எதிரே இருக்கும் தளம் உண்மையில் அந்தப் பெயருக்கு உரியதுதான் என்று மூன்றாவது ஸ்தாபனம் ஒன்று கொடுத்த சான்றிதழ் காட்டப்படுகிறது. இந்தச் சான்றிதழ்தான் முத்திரை.

முத்திரை கொடுக்கும் ஸ்தாபனங்களில் பல, காசுக்கு விற்கும் கம்பெனிகள். ஆனால் லெட்ஸ் என்கிரிப்ட் என்று ஒரு ஸ்தாபனம் இருக்கிறது. லாப நோக்கமில்லாத அமைப்பு ஒன்று அதை நடத்துகிறது. 2014-ல் அறிவித்து, 2015 செப்டம்பரில் முதல் சான்றிதழைக் கொடுத்தது. காசு வாங்குவதில்லை. 2020 பிப்ரவரிக்குள் நூறு கோடி சான்றிதழ்கள் கொடுத்து முடித்துவிட்டது. பணமில்லாத சங்கங்களும் வாசகசாலைகளும் சிறு கடைக்காரர்களும் பூட்டுப் போட்டுக்கொள்ள முடிந்தது இதனால்தான். நம் சங்கமும் அதன் முத்திரையைத்தான் வாங்கியிருந்தது. அதற்குக் கெடு 90 நாள்.

சோதனை எப்படி நடக்கிறது?

கெடு முடிவதற்கு 30 நாள் இருக்கும்போதே, நம் சர்வரில் உள்ள ஒரு சிறு புரோகிராம் தானாகவே புதிய முத்திரை கேட்டு விண்ணப்பம் போடும். "இந்தப் பெயர் உன்னுடையதுதானா? அப்படியானால் நான் சொல்லும் இரகசிய வார்த்தையை உன் தளத்தில் இன்ன அறையில் எழுதி வை. நான் வந்து படித்துப் பார்க்கிறேன்" என்று அந்த ஸ்தாபனம் பதில் சொல்லும். 'வெல்-நோன்' என்ற அறைக்குள் 'ஆக்மி-சாலஞ்ச்' என்ற உள்ளறை. அதில்தான் அந்த வார்த்தையை வைக்க வேண்டும். சர்வரின் 80-ஆம் எண் வாசல் வழியாக ஆய்வாளர் உள்ளே வந்து படிப்பார். வார்த்தை சரியாக இருந்தால் முத்திரை கிடைக்கும். இல்லாவிட்டால் கிடையாது.

ஒரே ஆய்வாளர் ஒரே வழியாக வந்தால் அந்த வழியை மறித்து அவரை ஏமாற்றிவிடலாம் அல்லவா? நடக்காத காரியமல்ல இது. ஆகவே 2020 பிப்ரவரியிலிருந்து லெட்ஸ் என்கிரிப்ட் ஒரே நேரத்தில் பல இடங்களிலிருந்து ஆய்வாளர்களை அனுப்புகிறது. 2025-லிருந்து இது முத்திரை கொடுக்கும் எல்லா ஸ்தாபனங்களுக்குமே பொது விதியாகிவிட்டது. சோதனை நடக்கும் தூர இடங்கள் ஒன்றுக்கொன்று குறைந்தது 500 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. போதுமான இடங்களிலிருந்து ஒரே பதில் வந்தால்தான் முத்திரை. ஆய்வாளர்கள் எந்த முகவரியிலிருந்து வருவார்கள் என்பதையும் லெட்ஸ் என்கிரிப்ட் முன்கூட்டி வெளியிடுவதில்லை. அவ்வப்போது மாற்றியும் விடுகிறது. திடீர் சோதனை என்று சொல்லிவிட்டு நாளும் நேரமும் தெரிவித்துவிட்டு வரும் ஆய்வாளரால் என்ன பிரயோஜனம் என்பது நம் ஆலைத் தோழர்களுக்கு நன்றாகவே தெரியும்.

இப்போது நம் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். நம் தளத்திற்கு இடம் வாடகைக்குக் கொடுத்திருந்த கம்பெனி, "பாதுகாப்பு" என்ற பெயரில் வாசலில் ஒரு தடைப் பட்டியலைப் போட்டது. இந்தியாவுக்கு வெளியேயுள்ள முகவரிகளிலிருந்து எவர் வந்தாலும் உள்ளே விடாதே. மனிதராக இல்லாமல் புரோகிராமாக எது வந்தாலும் உள்ளே விடாதே என்பது அந்தப் பட்டியலின் சாராம்சம். நம்மிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆய்வாளர்களோ வெளிநாடுகளிலிருந்து வருகிறவர்கள். அத்துடன் மனிதர்களல்ல, புரோகிராம்கள். எல்லோரையும் வாசல்காரன் திருப்பி அனுப்பிவிட்டான்!

நம் புரோகிராம் தினம் இரண்டு தடவை விண்ணப்பம் போட்டது. தினம் இரண்டு தடவையும் மறுப்புத்தான் வந்தது. மறுப்பு வந்த செய்தியைச் சர்வர் ஒரு குறிப்பில் எழுதியும் வைத்தது. அதை எவரும் பார்க்கவில்லை. முப்பது நாளும் ஓடிப்போயிற்று. முத்திரையின் கெடு முடிந்தது. நம் மரக்கால் ஒரு நெல்மணிகூடக் குறையவில்லை. ஆனால் முத்திரை காலாவதி என்று ஊர் முழுவதும் பறைசாற்றப்பட்டது.

இதைக் கண்டுபிடித்தவர் நம் ஆலைத் தொழிலாளி ஒருவருடைய மகள். கம்ப்யூட்டர் படித்த பெண். மறுப்புக் குறிப்பைப் படித்துவிட்டு, "மாமா, சான்றிதழ் கொடுக்கறவங்க மேல தப்பில்லை. நம்ம வாசல்லதான் தப்பு" என்றது. அந்த ஓர் அறைக்கு மட்டும் பட்டியலிலிருந்து விலக்குக் கொடுக்கச் சொல்லி, ஒரு மணி நேரத்தில் புதிய முத்திரையை வாங்கிக் கொடுத்துவிட்டது. அந்த ஒரு மணி நேர வேலையைச் செய்யக் கம்பெனியைச் சம்மதிக்க வைப்பதற்குத்தான் ஐந்து நாள் ஆயிற்று!

கறுப்புப் பட்டியல் நமக்குப் புதிதல்ல

"உங்கள் பாதுகாப்புக்காகத்தானே செய்தோம்?" என்று கம்பெனிக்காரர்கள் கேட்டார்கள். இந்த வார்த்தையை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? ஆலை வாசலில் கேட்டிருக்கிறோம். வேலை நிறுத்தத்தில் முன் நின்றவன் பெயரை எழுதி ஆலைக்கு ஆலை அனுப்பிய கறுப்புப் பட்டியலும் "ஆலையின் பாதுகாப்பு" என்ற பெயரில்தான் எழுதப்பட்டது. அந்தப் பட்டியலில் உன் பெயர் இருக்கிறது என்று எவரும் உன்னிடம் சொல்ல மாட்டார்கள். "வேலை காலியில்லை" என்று மட்டும் சொல்வார்கள். ஏன் சேர்த்தார்கள், எப்படி நீக்குவது, எவரிடம் முறையிடுவது என்பதற்கு வழியே கிடையாது.

எல்லாத் தடைப் பட்டியலும் அக்கிரமம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது விவரமில்லாத பேச்சு. நம் தளத்தின் கதவைத் தட்டி, கடவுச்சொல்லை ஆயிரம் விதமாக ஊகித்துப் பார்க்கும் திருட்டுப் புரோகிராம்கள் இரவும் பகலும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றைத் தடுக்காமல் விட்டால் விடுதிப் பெண்களின் புகார்களே களவு போய்விடும். காவல் அவசியம். ஆனால் யாரை, எதற்காக, எந்த அறைக்கு வராமல் தடுக்கிறோம் என்ற தெளிவு காவலுக்கு வேண்டும். கடவுச்சொல் கேட்கும் அறையின் வாசலில் காவலை இறுக்கு. வேண்டாமென்று எவர் சொன்னார்? முத்திரை வார்த்தை எழுதியிருக்கும் அறையில் திருடுவதற்கு ஒன்றுமேயில்லை. அங்கே எவர் வந்து படித்தால் என்ன? ஊரையே வெளியில் நிறுத்தும் காவல், தடுக்க வேண்டியவனையும் வரவேற்க வேண்டியவனையும் ஒன்றாகப் பாவிக்கிறது. இது கம்பெனிக்குச் சுலபமான வழி. ஒரே பட்டியலை ஆயிரம் வாடிக்கையாளருக்கும் போட்டுவிடலாம். ஒவ்வொருவருக்கும் தனியாக யோசிக்க ஆள் வைக்க வேண்டியதில்லை. செலவு மிச்சம் அவர்களுக்கு, நஷ்டம் நமக்கு. பாதுகாப்பு என்ற பெயரில் நடந்தது இதுதான்.

"காசு கொடுத்து நல்ல முத்திரையாக வாங்கியிருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்காதே" என்று சில நண்பர்கள் சொன்னார்கள். இது சரியல்ல. முத்திரை கொடுப்போரும் பிரவுசர் கம்பெனிகளும் சேர்ந்த மன்றம் 2025 ஏப்ரலில் ஒரு முடிவு எடுத்தது. முத்திரையின் உச்சக் கெடு 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்பதே அந்த முடிவு. காசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் கெடு குறைந்துகொண்டே போகும். பல இடத்துச் சோதனையும் எல்லோருக்கும் பொது. அதாவது, வாசலில் தப்பான பட்டியல் இருந்தால் ஆண்டுக்கு ஒரு தடவை வந்த ஆபத்து இனிமேல் ஆண்டுக்கு ஏழெட்டுத் தடவை வரும்.

எச்சரிக்கையைத் தாண்டும் பழக்கம்

இதில் இன்னும் பெரிய அபாயம் ஒன்று இருக்கிறது. நியாயமான தளங்களில் எல்லாம் அடிக்கடி இந்தச் சிவப்பு எச்சரிக்கை வந்தால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? "இது இப்படித்தான், தாண்டிப் போ" என்று பழகிவிடுவார்கள். தினமும் காரணமில்லாமல் அலறும் ஆலைச் சங்கை எவன் மதிப்பான்? உண்மையில் தீப்பிடித்து அலறும்போதும் பேசாமல் உட்கார்ந்திருப்பான்.

2018 ஏப்ரல் 24-ம் தேதி இப்படி ஒன்று நடந்தது. மின் நாணயம் வைத்திருப்போர் உபயோகிக்கும் மை-ஈதர்-வாலட் என்ற தளத்திற்குப் போகும் வழியைத் திருடர்கள் நடுவில் மறித்துத் தங்கள் போலித் தளத்திற்குத் திருப்பிவிட்டார்கள். போலித் தளத்திற்கு யோக்கியமான முத்திரை கிடையாது. பிரவுசரும் எச்சரிக்கை கொடுத்தது. அதைத் தாண்டிப் போய்க் கணக்கைத் திறந்தவர்கள் சுமார் 1,50,000 டாலர் மதிப்புள்ள நாணயத்தைச் சிறிது நேரத்திற்குள் பறிகொடுத்தார்கள். பூட்டு தன் வேலையைச் செய்தது. பழக்கம்தான் அதைத் தோற்கடித்தது. அவர்களாவது மின் நாணயம் வைத்திருந்தவர்கள். நம் தோழன் பறிகொடுப்பது மாதச் சம்பளமாக இருக்கும்.

ஆகவே, நம் தளத்தில் வந்த எச்சரிக்கையைக் கண்டு "பரவாயில்லை, தாண்டி வாருங்கள்" என்று சில யூனியன் ஊழியர்கள் சொன்னது பெரும் தவறு. அன்று அதைச் சொன்னவர்களில் நானும் ஒருவன். விடுதிப் பெண்கள் இரண்டு பேர் தாண்டி வந்ததற்கு என் வார்த்தையே காரணமாக இருந்திருக்கக் கூடும். "முத்திரை சரியாகும் வரை அந்தப் பக்கத்தில் எதுவும் எழுதாதீர்கள், நேரில் சொல்லுங்கள்" என்பதுதான் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

பெரிய பட்டியல்கள்

வாடகைக் கம்பெனியின் பட்டியல் சிறியது. சர்க்காரின் பட்டியல்களும் நாடுகளின் பட்டியல்களும் இதைவிடப் பெரியவை. அவையும் இதே குருட்டுத்தனத்தோடு வேலை செய்கின்றன.

2019 ஆகஸ்ட் 5-ல் காஷ்மீரில் இன்டர்நெட்டை அடைத்தார்கள். 2020 ஜனவரி கடைசியில், 301 தளங்களின் பெயரை எழுதி, இவற்றை மட்டும் பார்க்கலாம் என்று 2ஜி வேகத்தில் திறந்துவிட்டார்கள். பட்டியலில் பெயர் இருந்த தளங்களிலேயே பல சரியாகத் திறக்கவில்லை. ஏன்? ஒரு வெப்சைட் என்பது ஒரே வீடல்ல. படம் ஓரிடத்திலிருந்து வரும். எழுத்து வேறிடத்திலிருந்து வரும். சரிபார்ப்பு இன்னோரிடத்தில் நடக்கும். முகப்பின் பெயரை மட்டும் பட்டியலில் எழுதிவிட்டு மற்ற வாசல்களை அடைத்தால் வீடு எப்படி நடக்கும்?

2017 ஆகஸ்டில் சென்னை ஹைகோர்ட்டில் சினிமாப் படக் கம்பெனிகள் வாங்கிய உத்தரவின்படி 2,600-க்கும் மேற்பட்ட தளங்கள் தடுக்கப்பட்டன. திருட்டுப் படத்தைத் தடுக்கப் போட்ட அந்தப் பட்டியலில், உலகத்தின் பழைய புத்தகங்களையும் பத்திரிகைகளையும் இலவசமாகச் சேர்த்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவும் அகப்பட்டுக்கொண்டது. அந்த நூலகத்திற்கு முன்கூட்டி ஒரு நோட்டீசுகூட இல்லை. மத்திய சர்க்கார் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஏ பிரிவின்கீழ் போடும் தடைகளோ இன்னும் மோசம். 2009-ல் செய்த விதிகளில் 16-வது விதி, புகாரும் நடவடிக்கையும் கண்டிப்பாக இரகசியமாக வைக்கப்பட வேண்டும் என்று சொல்கிறது. கறுப்புப் பட்டியலின் இலட்சணம் இதுவேயல்லவா?

சோஷலிச நாட்டில் நடந்தது என்பதற்காக ஒரு விஷயத்தை மறைக்க வேண்டியதில்லை. முத்திரை ரத்தாகிவிட்டதா என்று விசாரிக்கும் லெட்ஸ் என்கிரிப்டின் முகவரி ஒன்று 2020 ஏப்ரலில் சீனாவில் தடையில் சிக்கிக்கொண்டது. தடையில் அகப்பட்டது அந்த முகவரிக்குப் பின்னால் இருந்த வேறொரு கம்பெனியின் பெயர். பலன் என்னவென்றால், எந்தத் தடையும் இல்லாத சாதாரணச் சீனத் தளங்கள்கூட ஐபோன்களில் திறப்பதற்குத் தாமதமாயிற்று. பட்டியல் போடுகிறவன் எவனாக இருந்தாலும், கயிற்றின் மறுமுனை எங்கே கட்டியிருக்கிறது என்று பார்க்காமல் அறுத்தால் தன் வீட்டுக் கூரையே விழும்.

மறுபக்கத்தையும் பாருங்கள். 2022 மார்ச்சில் மேலை நாடுகளின் பொருளாதாரத் தடையை ஒட்டி, அந்நாட்டு முத்திரைக் கம்பெனிகள் சில ருஷ்யத் தளங்களுக்கு முத்திரை கொடுக்க மறுத்தன. சோதனையில் தேறவில்லை என்பதற்காக மறுக்கவில்லை. நாடு பட்டியலில் இருக்கிறது என்பதற்காக மறுத்தன! ருஷ்ய சர்க்கார் சொந்தமாக ஒரு முத்திரை செய்துகொண்டது. ஆனால் குரோமும் பயர்பாக்சும் அதை அங்கீகரிக்கவில்லை. எந்த முத்திரை செல்லும், எது செல்லாது என்று உலகத்திற்கே தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கூகுள், ஆப்பிள், மைக்ரோசாப்ட், மொசில்லா என்ற நான்கு அமெரிக்க ஸ்தாபனங்களின் கையில் இருக்கிறது என்பது அப்போது பட்டவர்த்தனமாகியது.

அப்படியானால் முத்திரை அதிகாரத்தை அந்தந்த சர்க்காரிடம் கொடுத்துவிட்டால் தீர்ந்ததா? தீராது. 2019-ல் கஜகஸ்தான் சர்க்கார் தன் முத்திரையை எல்லோர் போனிலும் ஏற்றச் சொல்லி, அதை வைத்துக்கொண்டு ஜனங்களின் பூட்டிய செய்திகளைத் திறந்து பார்க்க முயன்றது. நம் நாட்டில் 2014 ஜூலையில், மத்திய சர்க்காரின் தேசிய தகவல் மையம் நடத்திய முத்திரைச் சாலையிலிருந்து கூகுள், யாஹூ பெயர்களில் அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளியே வந்துவிட்டன. அதன் அதிகாரத்தையே ரத்து செய்ய வேண்டியதாயிற்று. ஏகபோகக் கம்பெனியிடம் இருந்தாலும் சரி, ஜனங்களுக்குப் பதில் சொல்லாத சர்க்காரிடம் இருந்தாலும் சரி, கண்காணிப்பு இல்லாத முத்திரை ஜனங்களுக்கு விரோதமாகத் திரும்பும். பகிரங்கமான விதி, பகிரங்கமான பதிவு, எவரும் பரிசோதிக்கும் உரிமை ஆகியவையே இதற்குப் பரிகாரம் என்பது என் அபிப்பிராயம். காசு வாங்காமல், விதிமுறைகளைப் பகிரங்கமாக வைத்து நூறு கோடி முத்திரை கொடுக்க முடியும் என்று ஒரு பொது ஸ்தாபனம் செய்து காட்டியிருக்கும்போது, "லாபம் இல்லாமல் எதுவும் நடக்காது" என்ற முதலாளிமாரின் வேதாந்தம் எங்கே போயிற்று?

நம்முடைய தவறும் நம்முடைய வேலையும்

கம்பெனியைக் குற்றம் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. முப்பது நாள் தினம் இரண்டு தடவை சர்வர் நம்மைக் கூப்பிட்டது. நாம் காது கொடுக்கவில்லை. முத்திரையின் கெடு நெருங்கினால் லெட்ஸ் என்கிரிப்ட் கடிதம் போடும் என்று நம்பியிருந்தோம். அந்தக் கடிதம் போடும் ஏற்பாட்டை 2025 ஜூன் 4-ம் தேதியோடு அவர்கள் நிறுத்திவிட்டார்கள் என்பதுகூட நமக்குத் தெரியாது. சந்தாப் புத்தகத்திற்குப் பொறுப்பாளர் உண்டு. கொடிக்கம்பத்திற்குப் பொறுப்பாளர் உண்டு. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் தினமும் வந்து போகும் இந்த வாசலுக்கு மட்டும் பொறுப்பாளர் இல்லை. இது ஸ்தாபனக் குறைபாடு.

ஆகவே, சொந்தமாகத் தளம் வைத்திருக்கும் ஒவ்வொரு சங்கமும் உடனடியாகச் செய்ய வேண்டிய காரியங்கள் சில:

1. தளத்தின் பெயரும் அதன் சாவியும் சங்கத்தின் பெயரில், சங்கத்தின் கையில் இருக்க வேண்டும். வாடகைக் கம்பெனியிடமோ தனி நபரிடமோ விட்டுவைக்கக்கூடாது.

2. வாசலில் என்ன பட்டியல் போடுகிறார்கள் என்பதைக் கம்பெனி எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நம் சம்மதம் இல்லாமல் மாற்றக்கூடாது. இதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.

3. ஆய்வாளர்களின் முகவரியைத் தேடி அலைவதில் பயனில்லை; அவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். முத்திரை வார்த்தை வைக்கும் அந்த ஓர் அறைக்கு மட்டும், எந்த நாட்டிலிருந்து எவர் வந்தாலும் தடையில்லை என்று விலக்கு வைக்க வேண்டும். அது முடியாத இடத்தில், வார்த்தையைத் தளத்திற்குப் பதிலாகப் பெயர்ப் பதிவேட்டில் எழுதி வைக்கும் முறை இருக்கிறது. அதற்கு மாறிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பதிவேட்டின் வாசலிலும் இதே மாதிரிப் பட்டியல் இருக்கக்கூடாது.

4. மாதம் ஒரு தடவை முத்திரையின் கெடு தேதியைப் பார்த்துக் கமிட்டிக் கூட்டத்தில் சொல்ல ஒரு தோழரை நியமிக்க வேண்டும். பூட்டுப் படத்தைத் தொட்டுப் பார்க்கும் வேலைதான் அது. நம் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு இது கைவந்த கலை. அவர்களை யூனியன் வேலைக்கு இழுப்பதற்கும் இது ஒரு வழி.

5. எச்சரிக்கை வந்தால் எந்தத் தளமானாலும் தாண்டிப் போகாதே என்பதை ஒவ்வொரு வாசல் கூட்டத்திலும் சொல்ல வேண்டும். நம் சொந்தத் தளத்திற்கும் அதே விதிதான்.

சர்க்காரிடம் நாம் கேட்பதும் அதிகமில்லை. எந்தத் தளத்தை, எந்தக் காரணத்தால், எத்தனை நாளுக்குத் தடுத்தீர்கள் என்பதைப் பகிரங்கமாகப் போடுங்கள். தடுக்கப்பட்டவனுக்கு நோட்டீசும் முறையீட்டு உரிமையும் கொடுங்கள். ஜனங்கள் பி.எப்.புக்கும் கூலிக்கும் ரேஷனுக்கும் போய் நிற்கும் தளங்களில் காலாவதியான முத்திரையைத் தொங்கவிட்டு, எச்சரிக்கையைத் தாண்டும் பழக்கத்தை ஜனங்களுக்குக் கற்றுக் கொடுக்காதீர்கள். அப்படிச் செய்யும் ஒவ்வொரு நாளும் திருடனுக்குக் கதவைத் திறந்து வைக்கும் நாள்.

அந்த ஐந்து நாளுக்குப் பிறகு, ஆறாவது நாள் இரவு விடுதியிலிருந்து ஒரு புகார் வந்தது. இரவு ஷிப்டில் உடம்பு சரியில்லாத பெண்களை எழுப்பி வேலைக்கு அனுப்புகிறார்கள் என்பது அதன் விஷயம். எழுதியவர் பெயர் போடவில்லை. கடைசியில் ஒரு வரி மட்டும் எழுதியிருந்தது: "பூட்டு வந்திருச்சான்னு பாத்துட்டுத்தான் எழுதறேன்."

அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது, பூட்டைப் பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று. அந்தப் பூட்டைக் காலாவதியாக விடாமல் காப்பது நம் கடமை. எல்லாச் சங்கத் தோழர்களும் இந்த வாரமே தங்கள் தளத்தின் முத்திரைத் தேதியைப் பார்க்க முன்வர வேண்டும்.